பற்றாத அடுப்பு



எரிகின்ற அடுப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது எரியாத அன்றுதான் வீடு முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறது. சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலையில், சோமனூரில் உள்ள எங்கள் வீட்டு எரிவாயு அடுப்பு பற்ற மறுத்தது. அன்று நான் செய்த பிழையையும், பிழைக்குப் பின் கற்ற பாடத்தையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் அறிவியல் நடத்திவிட்டு, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஒருவன் அடுப்பைப் பற்றியா பேசுவது என்று நீங்கள் சிரிக்கலாம். பெரிய அறிஞரான மைக்கேல் ஃபாரடே, 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் மாநகரில் இளைஞர்களுக்கென்று ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. எரியும் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே இயற்கையின் பல விதிகளை விளக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். மெழுகுவத்திக்கு அந்தப் பெருமை உண்டு என்றால், அடுப்புக்கு மட்டும் இல்லையா?

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். சோமனூர் விசைத்தறிகளின் ஊர். எங்கள் சமையலறைச் சுவரை அடுத்தே என் தம்பியின் தறிக்கூடம் இருக்கிறது. தறி ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும். முறத்திலும் பஞ்சு, மூக்குக் கண்ணாடியிலும் பஞ்சு. பழகிவிட்டதால் அதை நாங்கள் கவனிப்பதே இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கார்த்திகை மாதத்தில் நானும் என் மனைவியும் பத்து நாள் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். திரும்பி வந்த மறுநாள் பழைய சிலிண்டர் தீர்ந்தது, புதியதை மாட்டினோம். சில நாட்களில் என் மனைவி, "ஏனுங்க, பாத்திரத்து அடியெல்லாம் கரி புடிக்குதுங்க. வலது பக்கத்து அடுப்பு மஞ்சளா எரியுது" என்றார். நான் சிறிதும் சிந்திக்காமல், "புதுச் சிலிண்டரில் வாயு சரியில்லை" என்று தீர்ப்பளித்துவிட்டேன். அடுத்த முறை சிலிண்டர் கொண்டுவந்த தம்பியை வாசலிலேயே நிறுத்திக் கடிந்துகொண்டேன். "ஐயா, முத்திரை பிரிக்காமத்தானுங்க கொடுத்தேன். வேணும்னா எடை போட்டுக் காட்டட்டுங்களா?" என்று அவர் பணிவாகவே கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் அதிகாலையில், பாட்டி எழுமுன் காப்பி வைத்துவிட வேண்டும் என்று இருவரும் சமையலறைக்குள் நுழைந்தோம். இடப்பக்கத்து அடுப்பில் வெந்நீர்ப் பானை இருந்தது. வலப்பக்கத்து அடுப்பின் குமிழைத் திருகி, லைட்டரைத் தட்டினேன். பற்றவில்லை. மறுபடியும் தட்டினேன். பற்றவில்லை. "அப்புச்சி, புடிக்கவே மாட்டேங்குது" என்றாள் பேத்தி. "போய்த் தீப்பெட்டி எடுத்து வா கண்ணு" என்று அவளைப் பூசையறைக்கு அனுப்பிவிட்டு, குமிழை மூடாமலே, மேலும் நான்கைந்து முறை தட்டினேன். திடீரென்று அடுப்பின் அடியிலிருந்து 'குப்' என்று ஒரு தீ கிளம்பி, என் முகம் வரை வந்து மறைந்தது. கைம்மயிரும் ஒரு பக்கத்துப் புருவமும் பொசுங்கின. வேறு தீங்கு இல்லை. அரை நிமிடத்துக்கு முன் அந்த இடத்தில் குனிந்து நின்றவள் என் பேத்தி. அதை நினைக்குந்தோறும் இன்றும் என் கை நடுங்குகிறது.

தீப்பெட்டியுடன் ஓடி வந்தவள் நடந்ததை அறிந்துகொண்டு, "காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே தீப்புடிக்கும்னு நீங்கதானே அப்புச்சி எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்து கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை. வாயால் நடத்திய பாடம் கைக்கு வந்து சேரவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அன்று பகலில், இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுப்பை முறையாக ஆராய்ந்தோம். அந்த முறையை நீங்களும் அறிய வேண்டுமானால், அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் அது நீர்ம வடிவில் அடைக்கப்பட்டிருக்கிறது. நம் வீடுகளுக்கு வரும் சிலிண்டரில் அதன் எடை 14.2 கிலோ. உள்ளே அழுத்தம் மிகுதி. அப்படியே வெளிவந்தால் அடுப்பு தாங்காது. ஆகவே வாயிலில் ரெகுலேட்டர் என்னும் காவலன் நின்று, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் என்னும் சிறிய அழுத்தத்துக்கு அதைக் குறைத்து அனுப்புகிறான். வாயு ரப்பர் குழாய் வழியே வந்து, குமிழைக் கடந்து, ஊசித் துளை போன்ற ஒரு பித்தளைத் துளையினின்று வேகமாகப் பீறிடுகிறது. அதனை ஜெட் என்பார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. வேகமாகப் பாயும் வாயு, தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் உடன் இழுத்துச் செல்லும். அதற்காகவே ஜெட்டின் அருகில், கலவைக் குழாயின் வாயில், ஒரு காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். வாயுவும் காற்றும் குழாயில் கலந்து, மேலே பர்னரின் சிறு துளைகளில் வந்து எரிகின்றன. எரியுமுன்பே காற்றைக் கலந்துவிடும் இந்த உத்தியை, ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் 1855-ஆம் ஆண்டில், ராபர்ட் புன்சனும் பீட்டர் டெசாகா என்னும் கருவி வினைஞரும் செம்மைப்படுத்தினார்கள். உங்கள் ஆய்வுக்கூடத்துப் புன்சன் அடுப்பும் சமையலறை அடுப்பும் ஒரே குலத்தில் பிறந்தவை.

என் அப்பத்தா விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதாங்குழலால் ஊதிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புகைந்த விறகு, ஊதியவுடன் சுடர்விட்டு எரியும். அப்பத்தா மூச்சைச் செலவிட்டுக் கொடுத்த காற்றை, இந்த அடுப்பு ஒரு துளையின் வழியே தானாக எடுத்துக்கொள்கிறது. வேறுபாடு அவ்வளவே.

காற்று எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு பங்கு புரொப்பேன் முற்றிலும் எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பகுதி அளவே இருப்பதால், ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. ஒரு பங்கு எரிபொருளுக்கு இத்தனை பங்கு காற்று! ஆகவே அடுப்பின் பெரும்பசி வாயுவுக்கு அன்று, காற்றுக்கே என்று சொல்லலாம்.

அந்தப் பசி தீர்ந்ததா என்பதைச் சுடரின் நிறமே சொல்லிவிடும். நீலச் சுடர், வயிறு நிறைந்த சுடர். மஞ்சளாக நீண்டு ஆடும் சுடர், காற்றில்லாமல் வாடும் சுடர். எரியாமல் எஞ்சிய கரித்துகள்கள் சூட்டினால் ஒளிர்வதே அந்த மஞ்சள். அவையே பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. உப்பு கலந்த நீர் பொங்கி வழிந்தாலும் சிறிது நேரம் மஞ்சள் பொறிகள் தோன்றும்; அது சோடியத்தின் நிறம், உடனே அகன்றுவிடும். சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைச்சலிட்டால், காற்றோ அழுத்தமோ மிகுதி என்று பொருள். 'பட்' என்ற ஒலியுடன் சுடர் உள்ளே போய் ஜெட்டின் வாயிலேயே எரிந்தால், வாயு வரும் வேகம் குறைவு அல்லது துளைகள் தேய்ந்து அகன்றுவிட்டன என்று பொருள். மிகச் சிறிய துளை வழியே சுடர் புக முடியாது. உலோகம் அதன் சூட்டைக் கவர்ந்து அணைத்துவிடும். சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் காக்க ஹம்ஃப்ரி டேவி 1815-இல் அமைத்த விளக்கு, இந்த உண்மையைக் கொண்டதே.

இனி, பற்றாத அடுப்பை ஆராயும் வரிசையைச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதற் கேள்வி மூக்குக்கு உரியது: நாற்றம் வருகிறதா? இந்த வாயுக்களுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் ஆராய்ச்சி அங்கேயே நிற்க வேண்டும். குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கின் பொத்தானைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அதில் எழும் சிறு பொறியே போதும். எல்லாரும் வெளியே வந்து, 1906 என்னும் அவசர உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து போகாமல் தரையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை கலந்திருந்தால் அது தீப்பற்றும். ஆகையால்தான் எரிகின்ற அடுப்பைவிடப் பற்றாத அடுப்பு ஆபத்தானது. ஒன்றிரண்டு தட்டில் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட்டு, ஐந்து நிமிடமாவது காற்றாடவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை, என் புருவம் அதற்குச் சாட்சி.

இரண்டாம் கேள்வி: மற்ற அடுப்பு எரிகிறதா? இந்த ஒரே கேள்வி சிக்கலை இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு அடுப்பும் எரியவில்லையென்றால், குறை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாதிருக்கலாம், ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம். குளிர் மிகுந்த இடமென்றால் வேறொரு காரணமும் உண்டு. புரொப்பேன் பூச்சியத்துக்கு 42 பாகை கீழேயும் கொதிக்கும். பியூட்டேனோ பூச்சியத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவது நின்றுவிடும். நீலகிரியின் கடுங்குளிர் இரவுகளில் அடுப்பு சோர்ந்து எரிவது இதனால்தான். ஆனால் ஓர் அடுப்பு மட்டும் எரியவில்லையென்றால், சிலிண்டர் நிரபராதி. குறை அந்த ஓர் அடுப்பின் கிளையிலேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் என் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அப்புச்சி, இடது பக்கத்து அடுப்பு எப்பவும் நீலமாத்தானே எரிஞ்சுது?" என்றாள். ஆம், இரண்டு அடுப்புக்கும் ஒரே சிலிண்டரிலிருந்துதான் வாயு வந்தது. வாயு கெட்டதாயின் இரண்டும் மஞ்சளாக எரிந்திருக்க வேண்டும். ஒன்று நீலமாக எரிந்ததை நான் நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதுச் சிலிண்டர் வந்தது, பிறகு கரி பிடித்தது, ஆகவே சிலிண்டரால்தான் பிடித்தது என்று முடிவு கட்டிவிட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சான்று வீட்டுக்குள் இருக்க, குற்றத்தை வாசலில் நின்றவர் மேல் சுமத்தினேன்.

மூன்றாம் கேள்வி: பொறி எழுகிறதா? லைட்டரில் பொறியே இல்லையென்றால் அடுப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. அதே லைட்டரால் இடப்பக்கத்து அடுப்பு உடனே பற்றியது. ஆகவே லைட்டரும் நிரபராதி.

நான்காம் கேள்வி: பர்னரில் குறையா, அதற்குக் கீழே குறையா? எங்கள் அடுப்பில் இரண்டு பர்னர் மூடிகளும் ஒரே அளவு. ஆறியபின் இரண்டையும் எடுத்து இடம் மாற்றி வைத்தோம். குறை மூடியோடு சேர்ந்து இடம் மாறினால் மூடி குற்றவாளி. மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால் மூடி குற்றமற்றது. சன்னலைத் திறந்துவைத்து, ஒருமுறை மட்டும் தட்டிப் பார்த்தோம். மாற்றி வைத்த மூடி இடப்பக்கத்தில் நன்றாக எரிந்தது. வலப்பக்கம் மீண்டும் பற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆய்வுக்கூடத்தில் கற்பித்த விதி, அடுக்களையிலும் பொய்க்கவில்லை.

குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, சிலிண்டரைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தோம். வலப்பக்கத்துக் காற்றுத் துளையைக் காணோம்! அதன் மேல் வெண்மையான பஞ்சு, கம்பளம் போலப் படிந்திருந்தது. பழைய பல் துலக்கியால் அதை அகற்றிவிட்டு, புட்டி கழுவும் நீண்ட தூரிகையைக் கலவைக் குழாயில் செலுத்தி இழுத்தபோது, விரல் பருமனுள்ள ஒரு திரி வெளியே வந்தது. அது பஞ்சும் சிலந்தி வலையும் பின்னிய திரி. நாங்கள் ஊரில் இல்லாத பத்து நாட்களில் ஒரு சிலந்தி அந்தக் குழாயில் குடியேறி வலை கட்டியிருக்கிறது. பிறகு, காற்றோடு உள்ளே இழுக்கப்பட்ட பஞ்சுத் தூசி நாளுக்கு நாள் அந்த வலையில் சிக்கியிருக்கிறது. சிலந்தி பாவு ஓட்டியது. எங்கள் தறிக்கூடம் ஊடை கொடுத்தது. முதலில் காற்றுக் குறைந்து சுடர் மஞ்சளாயிற்று. வழி முற்றும் அடைபட்டபின், வாயு மேலே போக முடியாமல், காற்று புகும் வாயின் வழியே பின்னோக்கி வழிந்து அடுப்பின் அடியில் தேங்கியது. அன்று காலை தீ கீழிருந்து கிளம்பியதன் காரணம் இதுதான்.

இந்தக் குறை சோமனூருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். குளிர்நாடுகளில் கூடத்தைச் சூடாக்க, சுவரில் எரிவாயுக் கணப்பு அமைக்கிறார்கள். அதில் எப்போதும் எரியும் ஒரு சிறு வழிகாட்டிச் சுடர் உண்டு. இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பது, சீபெக் என்னும் அறிஞர் 1821-இல் கண்ட நிகழ்ச்சியின் அடிப்படை. வழிகாட்டிச் சுடரின் சூட்டில் அவ்வாறு பிறக்கும் மிகச் சிறிய மின்சாரம், வாயுக் கதவைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும். கதவு தானே மூடிக்கொள்ளும். கோடை முழுவதும் பயன்படாமல் கிடந்த கணப்பு, குளிர் தொடங்கும் நாளில் பற்ற மறுப்பது அங்கே வழக்கமான முறையீடு. காரணம் பெரும்பாலும் அந்தச் சிறு சுடரின் வழியில் சேர்ந்த தூசியும் சிலந்தி வலையுமே. 2011-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் நிறுவனம், எரிபொருள் ஆவி செல்லும் குழாயில் சிலந்திகள் வலை கட்டுவதற்காகவே, வட அமெரிக்காவில் பல்லாயிரம் கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரி செய்தது. சிலந்திக்கு நாடு ஏது, எல்லை ஏது?

நீங்கள் மனத்தில் கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள் சில. அடுப்பைத் திறந்து பார்ப்பது பெரியவர்கள் உடனிருக்கச் செய்ய வேண்டிய வேலை. ஜெட்டின் துளையை எஃகு ஊசியால் குத்தாதீர்கள். பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பின் போட்டுப் பழகிய கைகள் இதைச் செய்யத் துடிக்கும். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் வாயு மிகுந்து சுடர் என்றும் மஞ்சளாகவே எரியும். குமிழின் உட்பகுதியையும் ரெகுலேட்டரையும் பிரிக்காதீர்கள். அவை பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை. கசிவைச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி காட்டிப் பார்க்கவே கூடாது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் சுடரைப் பாத்திரம் கறுப்பாகும் தொல்லை என்று மட்டும் கருத வேண்டாம். காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகலாக அதைப் பற்றிக்கொள்ளும். எரிவாயுவால் வெந்நீர் தரும் கருவியைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டிக் கதவை அடைத்துக் குளித்தவர்கள் உயிரிழந்த செய்திகள் நம் நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன. ஆகவே சுடருக்குக் காற்று கொடுங்கள். அறைக்கும் காற்று கொடுங்கள்.

அன்று மாலை அடுப்பு நீலமாக எரிந்தது. அடுத்த சிலிண்டர் வந்த நாளில், அதைக் கொண்டுவந்த தம்பியை உள்ளே அழைத்து அமரச் செய்து, காகிதத்தில் பொதிந்து வைத்திருந்த அந்தப் பஞ்சுத் திரியைக் காட்டினேன். "தவறு எங்கள் வீட்டிலேயே இருந்தது தம்பி. தெரியாமல் உங்களைக் கடிந்துவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னங்க ஐயா! நான் போற வீட்டுலெல்லாம் இனி இந்தத் தொளையைப் பாக்கச் சொல்லிடறேனுங்க" என்றார். என் பேத்தி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது வலப்பக்கத்து அடுப்பில் வைத்த காப்பி.

அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் தானாகவே ஒரு வரி எழுதியிருந்தாள்: "முதலில் குமிழை மூடு, பிறகு யோசி, அதற்குப் பிறகு பேசு." எத்தனையோ ஆண்டுகள் நான் நடத்திய பாடத்தை அவள் ஒரு வரியில் எழுதிவிட்டாள். நீங்களும் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மட்டுமின்றி வேறு பல இடங்களிலும் அது பயன்படும்.